எதிர்ப்பாரம்

நாலாம் மாடி. லிஃப்ட் கிடையாது.
இதை வீட்டுக்காரர் கடைசியாகத்தான் சொன்னார்,
முன்பணத்தை எண்ணி உறையில் போட்டுக்கொண்ட பிறகு.

ஆற்றுக்கு அந்தப் பக்கம், குன்றின் மேல்
பதினோரு வருஷம் குடியிருந்தேன்.
அங்கே நாய்கூட நேரம் பார்த்துத்தான் குரைக்கும்.
மணமுறிவில் என் பங்குக்கு வந்தவை
இரண்டு நாற்காலி, அகராதிகளில் பாதி,
ஒரு சலவை இயந்திரம்.

தூரின் நகரத்தின் வடக்கே
டிராம் கிறீச்சிட்டுத் திரும்பும் இடத்தில் இந்தத் தெரு.
ஆலைச் சங்கு ஊதினால்
தெரு முழுக்க சைக்கிளில் கிளம்புமாம் ஒரு காலத்தில்.
இப்போது சங்கு இல்லை.
காலை ஐந்தரைக்குச் சந்தைக்காரர்கள்
இரும்புக் குழாய்களைக் கல்தரையில் போடுகிற சத்தத்தில்
எல்லாரும் எழுந்துகொள்கிறார்கள்,
வேலை இருப்பவர்களும் இல்லாதவர்களும்.

அழைப்புமணிப் பலகையில் பெயர் மேல் பெயர்.
என்னுடையதை ஒட்டுமுன் நகத்தால் சுரண்டிப் பார்த்தேன்.
பேனாவில் எழுதிய ஓர் அரபுப் பெயர்,
அதற்கடியில் தட்டச்சில் யாரோ தெற்கத்திக்காரர்,
அதற்கும் அடியில் வெறும் பசை.

இயந்திரம் மூன்றாம் மாடித் திருப்பத்தில் சிக்கியது.
மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை.
கூலிக்கு வந்த இரண்டு பையன்கள்
கைபேசியில் மணி பார்த்தார்கள்.
அடுத்த வீடு காத்திருக்கிறதாம். போய்விட்டார்கள்.

கதவுகள் திறந்தன.
முதலில் வியோரிகா, கையெல்லாம் மாவு.
பிறகு லஹ்சென், இரவுப்பணித் தூக்கம் முகத்தில் ஒட்டியிருக்க.
ஓசாரெட்டினின் இரட்டைப் பெண்கள்
கம்பி வழியே தலையை நீட்டித் தீர்ப்புச் சொன்னார்கள்:
"அது இனிமேல் அங்கேதான்."
ஆளுக்கொரு யோசனை, ஆளுக்கொரு மொழி.
சாய்த்துப் பிடி. சாய்க்காதே. சுவரை இடி.
ஊர் கூடித் தேர் இழுத்தது.
தேர் ஒரு விரற்கடை நகர்ந்தது,
அதுவும் என் கால் மேல்.

நுன்சியோ குளியல் அங்கியோடு வந்தார்.
கார்த் தொழிற்சாலையில், வண்ணமடிக்கும் பிரிவில்
முப்பத்தொரு வருஷம்;
இருமலுக்கு நடுவில்தான் பேச்சு.
பின்பக்கத் தகட்டைக் கழற்றி
உள்ளேயிருந்து ஒரு கான்கிரீட் பாளத்தை உருவினார்.
"துணி துவைக்கிற பெட்டிக்குள் கல் எதற்கு?"
என்றாள் இரட்டையரில் ஒருத்தி.
"ஆடாமல் இருக்க."

கல்லைக் கீழே வைத்தபடி, சும்மா கேட்பதுபோல்,
"வாடகை எவ்வளவு கொடுக்கிறாய்?"

சொன்னேன்.

மாடிப்படி அடங்கிப்போனது.
எங்கோ மேலே யாரோ குழாய் திறந்ததுகூடக் கேட்டது.
வியோரிகா மாவுக் கையை முந்தானைத் துணியில் துடைத்தாள்,
மறுபடி துடைத்தாள்.
அதே வீட்டுக்காரர், அதே இரண்டு அறை,
அவளுடைய ஒப்பந்தம் நவம்பரில் முடிகிறது.
குன்றின் மேல் இருந்து பார்த்தபோது
மலிவாகத் தெரிந்த எண் அது.
என் வாயிலிருந்து இறங்கி
கதவு கதவாக நுழைவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ம்," என்றார் லஹ்சென். "தூக்குங்கள்."

தூக்கினார்கள். வாசலில் வைத்தார்கள்.
காபி போடுகிறேன் என்றேன்;
பாத்திரம் எந்தப் பெட்டியில் என்று எனக்கே தெரியவில்லை.
ஒருவரும் உள்ளே வரவில்லை.

அன்றிரவே துவைத்தேன், மகா புத்திசாலி.
கல் இல்லாத இயந்திரம் சுழற்சி ஏறியதும்
நடக்க ஆரம்பித்தது.
சமையலறையைக் கடந்து, நடைவழியில் திரும்பி,
வயர் விட்ட தூரம் வரை போய்
கதவில் போய் இடித்தது, திறந்துவிடு என்பதுபோல்.
கீழ்வீட்டிலிருந்து துடைப்பக் கட்டையால் தட்டினார்கள்.
மூன்று தட்டு.
பதினோரு வருஷத்தில் முதல்முறையாக
நான் வீட்டில் இருப்பது இன்னொருவருக்குத் தெரிகிறது.

கல்லைக் கேட்க இறங்கினேன்.
வியோரிகாவின் கதவுக்கு முட்டுக்கொடுத்துக் கிடந்தது அது,
காற்று வருவதற்காக.
உள்ளே எண்ணெயில் ஏதோ பொரிந்துகொண்டிருந்தது.
"வெயில் போகட்டும், தருகிறேன்," என்றாள்.
பிறகு, வாணலியைப் பார்த்தபடி,
"நவம்பரில் வந்து எடுத்துக்கொள்.
எப்படியும் கதவைச் சாத்தத்தானே போகிறேன்."

ஒன்றை எடுத்துக் காகிதத்தில் வைத்து நீட்டினாள்.
கொதிக்கிற சூடு.
கை மாற்றிக் கை மாற்றிப் பிடித்தபடி
படியேறினேன்.